ஐயர் வராத ஞாயிறுகள்



ஊர் ஊராகச் சென்று சிறிய கிராமச் சபைகளைத் தாங்கிய ஊழியர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் பலர் மனத்தில் எழுவது ஒரு வெள்ளைக்காரத் துரை, ஒரு மாட்டுவண்டி, தேரி மணலில் சக்கரம் புதைய அவர் இறங்கி நடக்கும் காட்சி. அந்தத் துரைமாரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, கல்வெட்டுகள் இருக்கின்றன, ஆண்டுதோறும் நினைவுநாள் ஆராதனையும் இருக்கிறது. எனக்கு வேறொரு கேள்வி. அந்த வண்டி ஊரைவிட்டுப் போன பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலில் மணியடித்தது யார்?

நம் பக்கத்துச் சேகரம் எப்படி இயங்குகிறது என்று தெரியாதவர்களும் இங்கே இருப்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். தலைமைச் சபை ஒன்று இருக்கும். அதைச் சுற்றிச் சிறு சபைகள் ஏழெட்டு. சில சேகரங்களில் பத்துக்கும் மேல். ஐயர், அதாவது குருவானவர், ஒருவர்தான். திருவிருந்து கொடுக்கக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும் என்பது ஆங்கிலிக்கன் ஒழுங்கு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் அந்த ஒழுங்கு கூடவே வந்துவிட்டது. ஆகவே கடைக்கோடி ஊருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு ஐயர் கிடைத்தால் அதிகம். மிச்சமுள்ள ஞாயிறுகளில் ஜெபப் புத்தகத்தை விரிப்பது, பாட்டை எடுத்துக் கொடுப்பது, பிரசங்கம் சொல்வது, பிள்ளைகளுக்கு வசனம் கற்றுக்கொடுப்பது, சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்பது எல்லாம் உபதேசியார். ஐயர் வரும் ஞாயிறில் கோழி அடிப்பார்கள். உபதேசியாருக்கு அன்றைக்கு வீட்டில் எது கொதிக்கிறதோ அதுதான். இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு திருச்சபை வரலாறு எழுதலாம்.

ஊழியர் வந்து போன நாளை வைத்து அவரை நான் அளப்பதில்லை. அவர் இல்லாத நாட்களில் அந்தச் சபை எப்படி நின்றது என்று பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் நாம் புகழும் சிலர் கொஞ்சம் சிறுத்துப்போவார்கள்; பெயரே தெரியாத பலர் நிமிர்ந்து நிற்பார்கள்.

கதையை முத்துக்குளித்துறையிலிருந்து எடுக்க வேண்டும். 1530களின் நடுவில் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்த்துகீசியப் பாதுகாப்பு தேவைப்பட்ட காலம் அது. ஆனால் தண்ணீர் ஊற்றிய குருக்களுக்குத் தமிழ் தெரியாது. ஊற்றியவர்கள் தங்கவும் இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் அறியாத ஊர்களைத்தான் கண்டார். அவர் செய்த முதல் வேலை, இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஆக்கி, அதைத் தானும் மனப்பாடம் செய்தது. பிறகு கையில் மணியோடு தெருவில் இறங்கினார். பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

இது வரை எல்லாரும் அறிந்தது. எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பும்போதும் அந்த ஜெபங்களின் பிரதி ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போவார். எழுதத் தெரிந்தவர்கள் பெயர்த்து எழுதிக்கொள்ள வேண்டும், எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை ஏற்படுத்தினார். கோயிலைக் கவனிப்பது, ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது அவர் பொறுப்பு. கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்குளித்துறை வருமானத்தில் ஆண்டுக்கு 4000 பணம் போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களுக்குத் தந்துவிடும்படி சவேரியார் அரசிக்கே எழுதினார், கிடைத்தது. லிஸ்பனில் ஒரு சீமாட்டியின் செருப்புக் காசில் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் பிள்ளைகள் ஜெபம் படித்தார்கள். சவேரியார் மூன்று ஆண்டுக்குள் மலாக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கணக்கப்பிள்ளைகள் ஊரிலேயே இருந்தார்கள். அந்தக் கடற்கரை இன்றைக்கும் கத்தோலிக்கக் கடற்கரையாக இருக்கிறது.

உள்நாட்டில், மதுரை மிஷன் பகுதியில், நிலைமை இன்னும் கடினம். ஒரு சாமியாருக்கு ஏராளமான ஊர்கள். ஓர் ஊருக்கு அவர் ஆண்டில் ஓரிரு முறை வருவார். வழியில் பாளையக்காரர் சண்டை நடந்தால் அதுவும் இல்லை. நடுவில் நின்றவர்கள் உபதேசியார்கள். வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே 1727இல் ஒரு நூல் எழுதினார்: 'வேதியர் ஒழுக்கம்'. தேம்பாவணியைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். இந்த உரைநடை நூலைத் தமிழ்ப் பேராசிரியர்கள்கூட அதிகம் திறப்பதில்லை. திறந்து பாருங்கள். காவியம் பாடிய கை, ஊர் ஊராக நடக்கும் ஓர் எளிய மனிதனுக்காக எவ்வளவு இறங்கி வந்து எழுதியிருக்கிறது என்பது தெரியும். அவன் பேச்சு எப்படி இருக்க வேண்டும், நடத்தை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முழு நூல் தேவைப்பட்டது என்றால், சாமியார் இல்லாத நாட்களில் ஊர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று பொருள். அவன் தடுமாறினால் சாமியார் அடுத்த முறை வரும்போது ஊர் இருக்காது.

தரங்கம்பாடிக்கு வருவோம். சீகன்பால்கு 1706இல் வந்தார் என்பதும் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார் என்பதும் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். அவருக்குப் பின் வந்தவர்கள் பட்ட சிரமம் ஒன்று உண்டு. தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த சின்னஞ்சிறு கடற்கரைத் துண்டு. அதன் எல்லையைத் தாண்டினால் தஞ்சை அரசு. ஐரோப்பியர் நினைத்தபடி உள்ளே போய்வர முடியாது. ஆகவே நாட்டுப்புறச் சபைகள் முளைத்தபோது அவற்றைப் பார்த்துக்கொண்டது தமிழர்கள்தாம். வேறு வழியே இல்லை. அவர்கள் போன இடம், பார்த்த ஆள், கேட்ட கேள்வி, சொன்ன பதில் எல்லாவற்றையும் வந்து அறிக்கையாகக் கொடுத்தார்கள். அவை ஜெர்மன் மொழிக்குப் போய் ஹாலே நகரத்தில் அச்சாயின. காவிரிக்கரையில் ஒரு திண்ணையில் நடந்த வாக்குவாதத்தை ஜெர்மனியில் ஒரு குடும்பம் விளக்கு வெளிச்சத்தில் படித்தது. அந்தத் திண்ணை இருந்த ஊரில் அதைப் பற்றி இன்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த உபதேசியார்களில் ஒருவர் ராஜநாயக்கன். பிறப்பால் பறையர், வளர்ப்பால் கத்தோலிக்கர், தொழிலால் தஞ்சை மன்னரின் படையில் சேவகர். தரங்கம்பாடியில் அச்சான வேதப்பகுதி ஒன்று கையில் கிடைக்க, அதைப் படித்து 1720களின் முடிவில் லுத்தரன் சபைக்கு வந்தார். தஞ்சைச் சீமையில் அவர் தலையெடுத்த பிறகுதான் சபைகள் பெருகின. அடி வாங்கினார், பகை வாங்கினார், நடையை நிறுத்தவில்லை. 1771இல் இறக்கும் வரை ஊழியம் செய்தார்.

1733 டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் முதல் தமிழ்க் குரு அபிஷேகம் பண்ணப்பட்டார். அவர் கடலூரைச் சேர்ந்த ஆரோன். வேளாளர். நல்ல ஊழியர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாயவரம் பக்கத்து ஊர்களில் உழைத்து 1745இல் காலமானார். குருப்பட்டத்துக்கு ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. வேண்டாம் என்று வைத்தார்கள். 1741இல் அடுத்த குருவாகத் தியோகு அபிஷேகம் பெற்றார். அப்போதும் ராஜநாயக்கன் உபதேசியாராகவே நின்றார். காரணத்தை மிஷனெரிகள் மறைக்கவில்லை. பறையர் ஒருவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சினார்கள். சபையைக் கட்டுவதற்கு அவர் கால் தகுதியாக இருந்தது. அப்பம் பிட்டுக் கொடுக்க அவர் கை தகுதியாக இல்லை. ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் இந்தத் தெருவைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் ஒத்துவரவில்லை. ஏனென்றால் இன்றும் எந்த ஐயரை எந்தச் சேகரத்துக்கு மாற்றலாம் என்று பேசும்போது காதோடு காதாக என்ன கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

இப்போது திருநெல்வேலி. பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேடு 1780ஆம் ஆண்டு. அதில் இருந்த பெயர்கள் 40. முதற்பெயர் குளோரிந்தா; தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவை, 1778இல் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த அம்மாள் முன்னின்று கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. ஷ்வார்ட்ஸ் தஞ்சையில் இருந்தார். பாளையங்கோட்டைக்கு எப்போதாவதுதான் வர முடிந்தது. அவர் அனுப்பிவைத்த உபதேசியார் சத்தியநாதன். 1790இல் சத்தியநாதன் தஞ்சையில் குருவானார். அவர் அன்று செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சாயிற்று. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் தன் சொந்தச் சனங்களிடமே திரும்பிப் போனார். அங்கே எழுந்த எதிர்ப்பில் வீடிழந்தவர்களுக்காக 1799இல் நிலம் வாங்கி ஓர் ஊரையே எழுப்பினார்கள். அதுதான் முதலூர்.

அடுத்து வந்தது ஒரு வறட்சி. 1802இல் கெரிக்கே ஐயர் வந்து சுற்றி ஏராளமானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மறு ஆண்டே காலமானார். அதன்பின் பாளையங்கோட்டையில் நிலையாகத் தங்கி மேற்பார்க்க ஐரோப்பியர் எவரும் இல்லை. தென்கோடியில் மயிலாடியில் இருந்த ரிங்கல்தௌபே கொஞ்சம் பார்த்துக்கொண்டார், அவ்வளவே. 1816இல் ஹஃப் என்ற படைக்குரு பாளையங்கோட்டைக்கு வந்து விசாரித்தபோதுதான், ஊர் ஊராகச் சபைகள் உயிரோடு இருப்பதை வெளியுலகம் அறிந்தது. இடையில் கொள்ளைநோய் வந்தது. பயந்து பழைய தெய்வங்களிடம் திரும்பியவர்கள் பலர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பாதவர்களும் இருந்தார்கள். சம்பளம் ஒழுங்காக வராத, மேலிடம் எது என்றே தெரியாத உபதேசியார்களும் நாட்டுக் குருமாரும் அந்த ஆண்டுகளில் ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நம் வரலாற்றுப் புத்தகங்கள் இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை அரைப் பக்கத்தில் தாண்டிவிடும். என்னைக் கேட்டால் திருநெல்வேலித் திருச்சபை திருச்சபையானது அந்த அரைப் பக்கத்தில்தான்.

1820இல் ரேனியஸ் ஐயர் வந்தார். அவருடைய தமிழையும், தர்ம சங்கத்தையும், அவரை அனுப்பிய மிஷனெரி சங்கத்தோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கையும் விரித்தால் தனிச் சொற்பொழிவாகிவிடும். நான் சொல்ல வந்தது ஒன்றே. அவர் தன் சுற்றுப்பயணத்தைவிட உபதேசியார்களின் மாதக் கூட்டத்தைப் பெரிதாக நினைத்தார். எல்லா ஊர்களிலிருந்தும் உபதேசியார்கள் பாளையங்கோட்டைக்கு நடந்து வருவார்கள். நாட்குறிப்பை வாசிப்பார்கள். எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தார்கள் என்பதும் அங்கே வெளியாகும். வேதபாடம் நடக்கும், அடுத்த மாதத்துக்கான பிரசங்கக் குறிப்பும் கிடைக்கும். பிறகு அவரவர் ஊருக்கு நடை. ஒருவர் பத்து ஊருக்குப் போவதைவிடப் பத்து ஊர்க்காரர்கள் ஓரிடத்துக்கு வந்து கற்றுப் போவது மேல் என்று அந்த ஜெர்மானியருக்குப் பட்டது. 1838இல் அவர் இறந்தபோது சபைகள் சிதறாமல் இருந்ததற்கு இந்த மாதக் கூட்டம் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

உபதேசியாரைத் தேவதூதராக்கவும் நான் விரும்பவில்லை. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். தாசில் கச்சேரிக்கு மனு எழுதியவர் அவர், பண்ணையாரிடம் பேசப் போனவர் அவர், கலியாணம் பேசி முடித்தவரும் அவர். கையில் எழுத்தாணி இருப்பவனுக்கு ஊரில் ஓர் அதிகாரம் வந்துவிடும். அதை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களும் உண்டு, பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. 'எங்கள் உபதேசியாரை மாற்றுங்கள்' என்று கையெழுத்துப் போட்ட மனுக்கள் மிஷன் காலத்திலிருந்து நம் காலம் வரை வற்றாத ஒரு தனி இலக்கியம்.

1854இல் வடக்கு திருநெல்வேலியில் தொடங்கிய ஒரு முயற்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ராக்லண்ட் என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்வரிசையில் தேறியவர். கல்லூரியில் வாழ்நாள் வசதியோடு இருந்திருக்கலாம். சென்னையில் அதே மிஷனெரி சங்கத்தின் செயலாளர் வேலையையும் விட்டுவிட்டுச் சிவகாசிப் பக்கத்துக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்தார். கூட ஃபென், மெடோஸ் என்று இரண்டு இளைஞர்கள். பங்களா கிடையாது. ஓர் இடத்தில் சில நாள், சுற்றியுள்ள ஊர்களுக்கு நடை, பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடம். நுரையீரல் நோய்க்காரர், 1858 அக்டோபரில் சிவகாசியில் திடீரென்று ரத்தம் கக்கி இறந்தார். பார்த்த பலன் மிகக் குறைவு.

ராக்லண்டின் தியாகத்தைச் சொல்லாத மிஷன் புத்தகம் இல்லை. அதே திட்டத்தில் இருந்த இன்னொரு ஏற்பாட்டைத்தான் நான் வியக்கிறேன். தெற்கே மெஞ்ஞானபுரம், நல்லூர், பாளையங்கோட்டை போன்ற பழைய வட்டாரங்களின் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து, ஒரு மாதம் ஒரு மாதமாக, வடக்கே அனுப்பின. செலவு அந்தத் தெற்குச் சபைகளின் காணிக்கை. வடக்கே போனவர் கூடாரக்காரர்களோடு ஊர்களைச் சுற்றுவார். மாதம் முடிந்தால் திரும்பி வந்து தன் சபையில், கண்டதைச் சொல்வார். பிறகு அடுத்தவர் கிளம்புவார்.

இதில் எத்தனை வேலை ஒரே நேரத்தில் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். வடக்கே ஆள் கிடைத்தது. பனைக்காட்டிலேயே வளர்ந்த உபதேசியார் பருத்திக்காட்டையும் வேறு சாதி ஊர்களையும் வேறு பேச்சையும் கண்டார். தன் பிரசங்கம் ஏன் அங்கே எடுபடவில்லை என்று யோசித்தார். தெற்கே இருந்த சபை தன் காசை வேறு ஊருக்குக் கொடுக்கப் பழகியது. அவர் இல்லாத அந்த ஒரு மாதம், ஊரில் யாரோ ஒருவர், வாத்தியாரோ மூப்பரோ எழுத்துக் கூட்டத் தெரிந்த பனையேறியோ, ஜெபப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டியிருந்தது. இந்தக் கடைசிப் பலனைத் திட்டமிட்டவர்கள் நினைத்திருப்பார்களோ என்னவோ, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

உலகத்தில் வேறு இடத்திலும் இந்த உண்மை புலப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் காட்டு வழிகளில் குதிரையேறிச் சுற்றிய மெதடிஸ்டு போதகர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரான்சிஸ் ஆஸ்பரி 1771இல் போய் இறங்கி 1816இல் இறக்கும் வரை குதிரை முதுகிலேயே வாழ்ந்தார் எனலாம். ஒரு குடியிருப்புக்குப் போதகர் மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். இடையில் அந்தக் கூட்டத்தைக் கூட்டி விசாரித்தவர் அந்தக் குடியிருப்பின் வகுப்புத் தலைவர், அதாவது ஒரு விவசாயி அல்லது ஒரு கொல்லர். குதிரைக்காரரின் சிலைதான் நிற்கிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஐயரும் உபதேசியாரும் முற்றத்தோடு நிற்க வேண்டிய வீடுகள் எத்தனையோ. அடுக்களை வரை போனவர்கள் வேதப்பெண்மணிகள், பெரும்பாலோர் விதவைகள். 1890களின் கடைசியில் ஏமி கார்மைக்கேல் பண்ணைவிளையில் இருந்தபோது பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்கள் ஒரு குழுவாக அவரோடு வண்டியேறி ஊர் ஊராகச் சென்றார்கள். தாலி கட்டிய பெண்ணோ கைம்பெண்ணோ இப்படி வெளியூர் சுற்றுவதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1901இல் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்தாள். தொடர்ந்து குழந்தைகள் வந்தார்கள். குழந்தைகளைப் போட்டுவிட்டு ஊர்சுற்ற முடியாது என்று வண்டிப் பயணம் குறைந்து டோனாவூரில் வீடு உண்டாயிற்று. தங்குவதும் ஊழியம் என்று அந்தப் பெண்கள் முடிவெடுத்தார்கள்.

சரி, நடந்தவர்களுக்குச் சோறு போட்டது யார்? தொடக்கத்தில் அரசியின் செருப்புக் காசு, பிறகு லண்டன் சங்கங்களின் பணம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உள்ளூர்ப் பணம் கூடிக்கொண்டே வந்தது. பணம் என்றா சொன்னேன்? பண்டம். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் வீட்டுக்காரி. ஞாயிறன்று அது கோயிலுக்கு வரும். பிடியரிசிக் காணிக்கை என்று நம் வீடுகளில் இன்றும் சில இடங்களில் நடக்கிறது. ஸ்தோத்திரப் பண்டிகையில் கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு, சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். சாதாரணச் சேவல் போட்டியில் பத்து மடங்கு விலைக்குப் போகும். ஏலம் கூறும் அண்ணாச்சியின் வாய்ச் சாமர்த்தியத்தில் சபை ஊழியரின் சம்பளப் பாக்கி தீர்ந்த ஊர்கள் உண்டு. வறுமையான சபை என்று நாம் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் வறண்டிருப்பது ரொக்கம்தான்.

பிழைக்கப் போன இடத்துக்கும் உபதேசியார் பின்னால் போனார். இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, கண்டியை மையமாக வைத்து 1850களின் நடுவில் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரிலேயே ஓர் ஏற்பாடு தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போனார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம், லயம் விட்டு லயம். தோட்டத் துரைமாரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். துரை கொடுத்த காசில் லயத்துக்குள் நுழைந்தவரைத் தொழிலாளி எவ்வளவு தூரம் தன் ஆளாக நினைத்திருப்பான் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. பிடியரிசிக்கும் அந்தக் காசுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே இருக்கிறது.

அந்த வித்தியாசத்தை நன்றாக உணர்ந்தவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்ததில் அவர் பங்கு பெரிது. தெற்குத் தமிழ்நாட்டுப் பனைக்காட்டுக் காணிக்கை, நைசாம் சீமையில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போயிற்று. சாமுவேல் பாக்கியநாதன் முதலில் போனார். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கையாயிற்று. பிறகு அசரியாவே தோர்ணக்கல்லுக்குப் போனார்; 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் சுற்றிய பேராயர். அவர் சுற்றிப் போன ஊர்களில் சபையை நடத்தியவர்கள் கிராம ஆசிரியர்கள். அவர்களைப் பயிற்சிக்குக் கூப்பிடும்போது மனைவியையும் கூட்டி வரச் சொன்னார். அவளுக்கும் பாடம் உண்டு. ஊரில் பாதிப்பேர் பெண்கள் என்பதைப் பேராயர்கள் நினைவில் வைப்பது அபூர்வம். சாட்சி வாரம் என்று ஒன்றை ஏற்படுத்தி, கிராமச் சபை முழுவதையும், கூலிவேலை செய்பவர்களையும் பாட்டிமார்களையும்கூட, பக்கத்து ஊருக்கு நடக்க வைத்தார். வந்து பேசுகிறவரை எதிர்பார்த்துக் காத்திருந்த சபை தானே கிளம்பிப் போய்ப் பேசிற்று.

இனி நம் காலம். இப்போது ஊழியர்கள் வருவதற்குக் குறைவில்லை. டெம்போ டிராவலரில் இசைக்குழுவோடு வருகிறார்கள். ஊர் நுழைவில் ஃபிளெக்ஸ், மூன்று நாள் கன்வென்ஷன், நான்கு ஊருக்குக் கேட்கும் ஒலிபெருக்கி. நான் அதை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டு முழுவதும் ஒரே குரலைக் கேட்ட சின்னச் சபைக்கு வெளிக்குரல் ஒன்று தேவைதான். இருபது குடும்பம் சேர்ந்து ஒரு பந்தல் போடுவதில் ஒரு கௌரவமும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று நாள் செலவும் கவரில் வைத்த காணிக்கையும் சேர்ந்தால், பல ஊர்களில் சபை ஊழியரின் அரை ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் ஆகிறது. கூட்டம் முடிந்த திங்கட்கிழமை விசாரித்தால், கடன் தொல்லையில் இருக்கும் வீடு எது, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எது, கோபித்துக்கொண்டு கோயிலுக்கு வராதவர் யார் என்று வந்த பிரசங்கியாருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இந்து அண்ணாச்சிக்கும் முஸ்லிம் அத்தாவுக்கும் அந்த ஒலிபெருக்கி எப்படிக் கேட்டது என்பதையும் அவர் அறியமாட்டார். ஊரோடு முகம் கொடுத்து வாழ வேண்டியவர் உபதேசியார். அவரைக் கேட்டுவிட்டா மைக் வைக்கிறோம்?

இன்னொரு பக்கம், சத்தமில்லாமல் மோட்டார் சைக்கிளில் மூன்று நான்கு வீட்டுச் சபைகளை ஓடி ஓடிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோலுக்குக் காசில்லாத நாளில் பஸ்ஸில் போவார்கள். அவர்களில் பலருக்கு ரேனியஸ் காலத்து உபதேசியாருக்கு இருந்த மாதக் கூட்டம்கூட இல்லை. தெரியாததைக் கேட்க ஆளில்லை. செல்போனில் வரும் பிரசங்கத்தைக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்கிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை.

நான் கேட்டுக்கொள்வது இரண்டு காரியம். முதலாவது, சபைகளின் மரப் பீரோவில் கிடக்கும் பழைய உபதேசியார் நாட்குறிப்புகள், பதிவேடுகள். கரையான் பாதி தின்றுவிட்டது. மிச்சத்தையாவது படமெடுத்து வையுங்கள். ஹாலேயில் 1730களின் தாள் பத்திரமாக இருக்கிறது. நம் பக்கத்தில் நேற்றைய தாள் இல்லை.

இரண்டாவது, அந்த ஒரு மாத முறையை மறுபடி தொடங்கலாம். பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள் எத்தனை பேர் கோயிலின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நகரத்துச் சபை ஒன்று ஒரு சிறு கிராமச் சபையை எடுத்துக்கொள்ளட்டும். ஆண்டில் ஒரு மாதம் தன் உறுப்பினர் ஒருவரை, முடிந்தால் கணவன் மனைவியாக, அங்கே போய்த் தங்க அனுப்பட்டும். செலவு நகரத்துச் சபையுடையது. தங்குவது உபதேசியார் வீட்டுத் திண்ணை அறையில். பிரசங்கம் செய்ய வேண்டுமென்று கட்டாயமில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரலாம், மாலையில் ஜெபத்தில் உட்காரலாம். அதே மாதத்தில் அந்தக் கிராமத்துச் சபை ஊழியர் நகரத்துக்கு வந்து படிக்கட்டும், உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளட்டும், ஒரு ஞாயிறு அந்தப் பெரிய பீடத்தில் ஏறிப் பிரசங்கமும் செய்யட்டும். பனைத்தொழில் ஊர்களில் ஏப்ரல், மே பதநீர்க் காலம். ஆண்கள் மரத்தில் இருப்பார்கள், பெண்கள் கருப்பட்டி காய்ச்சுவார்கள். அந்த இரண்டு மாதத்துக்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம். வயதுக்கு உச்சவரம்பு இல்லை, சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.